பட்டறையைத் திறக்கலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. அப்பா தச்சு வேலை செய்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் உளி பிடித்த கை. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு நிலை வைத்தது அவர்தான். போன வைகாசியில் பட்டறையில் கதவு இழைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே அம்மா பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். யாரும் உள்ளே போகக்கூடாது. அப்பாவுக்கு எப்போதும் கூடமாட வேலை செய்தது அம்மாதான். உப்புத்தாள் தேய்ப்பார், வார்னிஷ் அடிப்பார். இப்போது ராத்திரியில் எழுந்துபோய்ப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அழுவதே இல்லை. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறார், சமைக்கிறார், சாப்பிடுகிறார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது.

தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ‘மெஷின், சாமான் எல்லாத்தையும் வித்துடலாம், ஒருத்தர் கேட்டிருக்கார்’ என்று வாரம் தவறாமல் போன் பண்ணுகிறான். தொழில் கற்றுக்கொள்ளாமல் அவன் கம்பெனிக்குப் போனதில் அப்பாவுக்கு வருத்தம். ரொம்ப நாள் அவனிடம் பேசவே இல்லை. ஆயுத பூஜை வருகிறது. வருஷம் திரும்பாமல் எந்தப் பண்டிகையும் கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பா பாதியில் விட்ட ஒரு ஜோடிக் கதவு உள்ளேயே கிடக்கிறது. அதற்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ‘கடின உழைப்பாளி, பாசமிகு தந்தை’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டில் வேறொருவர் போஸ்டரில் அதே வரி. வருஷ நினைவுக்கு எங்களுக்கென்று ஏதாவது எழுதி வைக்க ஆசை. இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அவருடைய கோபத்தை எழுதலாமா என்றும் தெரியவில்லை. என் அஞ்சு வயசுப் பையனிடம் ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு மனநோய் ஏதாவது வந்துவிடுமோ?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவைப் பற்றித்தான் உங்களுக்குப் பெரிய கவலை. அதையே முதலில் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை. சமைக்கிறார், சாப்பிடுகிறார், மாட்டைப் பார்த்துக்கொள்கிறார். கணவர் போய் நாலு மாதம்தான் ஆகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே, துக்கத்தை ஒரு கோளாறு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 6 மாதமாவது போயிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. மாதக்கணக்கு மட்டும் போதாது. அந்தத் துக்கம் ஆளை நாள் முழுக்க முடக்கிப்போட்டு, அன்றாட வேலை எதையும் செய்யவிடாமல் பண்ணியிருக்கவும் வேண்டும். மாட்டுக்குப் புல் அறுக்கிற கையை முடங்கிய கை என்று நான் சொல்ல மாட்டேன்.

அழாததும் நோய் இல்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, மறுப்பு, கோபம் என்று வரிசையாக வந்துதான் தீரும் என்று நீங்களும் எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் தங்கிவிட்டவர்களுக்கு யாரும் கால அட்டவணை போட்டுத் தரவில்லை. சிலருக்குக் கண்ணீராக வருகிறது. சிலருக்குப் பேச்சே நின்றுபோகிறது. சிலருக்கு அவசரமாக வருகிறது (இதைத் தம்பி விஷயத்தில் சொல்கிறேன்).

எப்போது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு நின்று உடம்பு இறங்கினால். பிரஷர், சுகர் மாத்திரை போடுகிறவராக இருந்து, ‘இனி எதுக்கு’ என்று நிறுத்திவிட்டால். இது நிறைய வீடுகளில் நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ‘நானும் அவரோடவே போயிடறேன்’ என்கிற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால். அந்தப் பேச்சு வந்தால் நாள் பார்க்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண் அது) ராத்திரி எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வரிக்கு வருகிறேன். உப்புத்தாள் தேய்த்தது, வார்னிஷ் அடித்தது. ‘கூடமாட வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் கூடமாட இல்லை தங்கச்சி, அது தொழில். ஒரு கதவை முதலில் சொரசொரப்புத் தாளில் தேய்த்து, அப்புறம் நைஸ் தாளில் மரத்தின் ரேகையோடு ஓட்டித் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எங்கே இன்னும் முள் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அப்பாவின் இழைப்புக்குச் சமமான வேலை. பட்டறை உங்கள் அப்பாவுடையது என்று ஊரே நினைக்கிறது, நீங்களும் நினைக்கிறீர்கள். அம்மா அங்கே எத்தனை வருஷம் உழைத்தார் என்று கணக்குப் போட்டீர்களா? ஒரே நாளில் அவருக்குக் கணவரும் போனார், வேலையும் போனது. கணவர் போனதற்கு எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். வேலை போனதற்கு ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

ராத்திரி அவர் போய் உட்கார்கிற திண்ணையை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், மகனைப் பறிகொடுத்த ஒரு பாட்டியிடம், ‘கொஞ்சம் கொஞ்சமா மறக்கப் பாருங்க’ என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, ‘மறக்கறதுக்கா பெத்தேன்?’ என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். மறுபடி வரவே இல்லை. படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. அன்றிலிருந்து மறக்கச் சொல்லி யாரிடமும் சொன்னதில்லை. போனவரோடு உள்ள உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, உருமாறித் தொடர்ந்தால் போதும் என்றுதான் இந்தத் துறையில் இப்போது பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டிக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

அதனால் சாவியைக் கேட்காதீர்கள். ‘பட்டறையை என்னம்மா பண்ணலாம்’ என்ற கேள்வியும் வேண்டாம், அதற்குள் விற்பதா வேண்டாமா என்ற தம்பியின் கேள்வி ஒளிந்திருக்கிறது, அவருக்கு அது கேட்கும். ஒரு நாள் ராத்திரி அவர் எழுந்துபோகும்போது நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம். இரண்டு மூன்று நாள் அப்படிப் போன பிறகு, சின்னதாக ஏதாவது கேளுங்கள். அந்தப் பெரிய இழைப்புளியை அப்பா எங்கே வாங்கினார்? எந்தக் கதவைத் தேய்க்கத்தான் ரொம்பக் கஷ்டம், வேங்கையா தேக்கா? வேலைக்காரரிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சு வரும். பூ, பொட்டு விஷயத்தில் சொந்தக்காரர்கள் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அதில் அம்மாவின் விருப்பம்தான் முடிவு என்று நீங்கள் ஒரு முறை உரக்கச் சொல்லிவிடுங்கள். அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

பட்டறையைத் திறக்க ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது, சாக்கு இல்லை, உண்மையான காரணம். புரட்டாசி, ஐப்பசி மழையில் பூட்டிய கொட்டகைக்குள் ஈரம் ஏறும். உளி துருப்பிடிக்கும். இழைப்புளியின் தகடு கறுத்துப்போகும். மரச்சாமான் தரையோடு கிடந்தால் கரையான் வரும். தன் சாமானில் துருவைக் கண்டால் உங்கள் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ‘மழைக்கு முன்னாடி ஒருதரம் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிடலாமாம்மா? நீயே போடு, நான் எடுத்துத் தர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்கும் இதுவேதான் என் பதில். நான் சாஸ்திரம் தெரிந்தவள் இல்லை. வருஷம் திரும்பும்வரை பண்டிகை வேண்டாம் என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம், அதோடு மல்லுக்கு நிற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் துடைத்து எண்ணெய் போடுவது பண்டிகை இல்லை. அன்றைக்குச் செய்தாலும் அது வேலைதான். அதற்கு மேல் ஒரு குங்குமம் வைப்பதா வேண்டாமா என்பதை எண்ணெய் போட்ட கை முடிவு செய்யட்டும், பெரியப்பா சித்தப்பா முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது தம்பி. அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. அப்பா போய் நாலு மாதத்தில் விலை பேசுகிறானே என்று. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. அப்பா தன்னிடம் பேசாமல் இருந்த நாட்களெல்லாம் அந்தப் பட்டறைக்குள்தான் இருக்கின்றன என்று அவருக்குத் தோன்றலாம். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பூட்டு அவரைப் பார்த்து, ‘நீ வரல’ என்று சொல்லும். பூட்டோடு சேர்த்துச் சாமானையும் கண் காணாமல் பண்ணிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார். பணத்தாசையாக எனக்குப் படவில்லை. வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாரே, அதைப் பாருங்கள். வெறும் விலை பேசுகிறவன் அந்த வியாபாரிக்குத்தான் போன் பண்ணுவான்.

அவரிடம் ‘விற்கக்கூடாது’ என்று சண்டை போடுவதைவிட ஒரு வேலை கொடுங்கள். அந்த ஜோடிக் கதவு.

அட்வான்ஸ் கொடுத்தவர் துக்க வீடு என்று கேட்காமல் இருக்கிறார். ஆனால் அவர் வீட்டு வாசலில் கதவு இல்லாமல் தகரமோ தார்பாயோ தொங்கிக்கொண்டிருக்கும். தம்பியை நேரில் போகச் சொல்லுங்கள். ‘அப்பா வாங்கின அட்வான்ஸ் எங்க கணக்குல இருக்கு, கதவை முடிச்சுக் கொடுக்கறோம், இல்ல பணம் வேணும்னா திருப்பித் தந்துடறோம்’ என்று அவர் வாயால் சொல்லட்டும். மீதி வேலைக்கு, அப்பாவிடம் தொழில் பழகியவர்கள் யாராவது பக்கத்தில் இருப்பார்கள், நாற்பது வருஷத்தில் ஒருவராவது இல்லாமலா போவார்? அவரைக் கூப்பிட்டு அதே பட்டறையில் முடிக்கச் சொல்லுங்கள். கூலியைத் தம்பி கொடுக்கட்டும். மரம் தூக்கிக் கொடுக்கவும் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் வரட்டும். உப்புத்தாள் தேய்க்க யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதவை மாட்டும்போது மூன்று பேரும் போங்கள்.

அப்பாவோடு முடியாமல் போன பேச்சைத் தம்பி எங்காவது முடிக்க வேண்டும். அதற்கு ஒரு கதவு நல்ல இடம்.

சாமானைப் பொறுத்தவரை, பண நெருக்கடி இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கு எதையும் விற்காதீர்கள். விற்றதைத் திரும்ப வாங்க முடியாது, விற்காததை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். அப்புறம் கூட மெஷினை விற்பது வேறு, கைச்சாமானை விற்பது வேறு. மெஷின் எந்தக் கைக்கும் ஓடும். பல வருஷம் ஒரே கட்டைவிரல் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்த பிடி இருக்கிறதே, அது சந்தையில் நூறு ரூபாய்கூடப் போகாது. நெருக்கடி உண்டு என்றால், அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். தச்சு வேலையும் அதில் வரும், இயற்கை மரணத்துக்கும் வாரிசுக்கு உதவித்தொகை உண்டு. அட்டை பீரோவில் ரேஷன் கார்டோடு கிடக்கலாம். தாமதிக்காமல் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி நீங்கள் எழுத நினைப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் பேச ஆசை, ஏனென்றால் நீங்கள் இருக்கும் மண் இதற்குப் பேர்போனது.

உங்கள் மாவட்டத்திலும் தருமபுரியிலும் வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுவதும் நடுகல்லைத்தான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் அருங்காட்சியகம்) சில நடுகற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கல்லில் இருக்கிறவன் கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். வில் பிடித்தவன் வில்லோடு, வாள் பிடித்தவன் வாளோடு. பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழங்கால எழுத்தில் இரண்டு மூன்று வரி இருக்கும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய ஆள் இன்னார், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். அவ்வளவுதான். மாவீரன், தன்னிகரற்ற, பாசமிகு, எதுவும் கிடையாது. என்ன செய்தான் என்பது மட்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் படிக்கிறவனுக்கு ஆள் தெரிகிறான்.

உங்கள் போஸ்டர் வரி பஸ் ஸ்டாண்டில் இன்னொருவருக்கும் பொருந்தியது அதனால்தான். ‘கடின உழைப்பாளி’ எல்லா அப்பாக்களுக்கும் அளவெடுக்காமல் தைத்த சட்டை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். விடிகாலை எத்தனை மணிக்குப் பட்டறைச் சத்தம் கேட்கும்? பென்சில் எந்தக் காதில் இருக்கும்? கதவு மழையில் ஊதி இறுகிவிடும் என்று நிலைக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை நூல் இடம் விடுவார்? (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம். இதைப் படிக்கிற நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இது குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.) நிலை வைக்கிற அன்றைக்கு வீட்டுக்காரர் கொடுக்கும் வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு வந்து யாரிடம் கொடுப்பார்? ‘நாளைக்குக் கதவு வந்துடும்’ என்று எத்தனை பேரிடம் எத்தனை நாளைக்குச் சொல்லியிருக்கிறார்? தச்சர் சொல்லும் நாளைக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு, அதை எழுதாமல் விட்டால் அது உங்கள் அப்பா இல்லை.

உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் இதெல்லாம் வராது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அவர் நிலை வைத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போங்கள். கதவைத் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் மூடுகிறதா, கூலியில் எவ்வளவு பாக்கி வைத்தார்கள், அப்பா திட்டினாரா. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். அந்த நோட்டு நிறைந்துவிடும்.

கோபத்தை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள். தகடூர் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவன் வென்ற போரில் அது தொடங்கவில்லை. கள்ளில் தொடங்குகிறது. கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களைப் பாடவிட்டுத் தானும் குடிப்பான் என்று. அடுத்து, நறுமணம் வீசும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே என்று. அரசனைப் பற்றி அவ்வளவு பெரிய புலவர் கள்ளையும் கைவாசனையையும் எழுதலாம் என்றால், உங்கள் அப்பா தம்பியிடம் பேசாமல் முறைத்துக்கொண்டு இருந்ததை நீங்கள் எழுதலாம். எழுதும்போது தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது அவருடைய கதையும்கூட. அப்பாவின் கையில் என்ன வாசனை வரும் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். வார்னிஷா, தேக்குத் தூளா, பீடியா?

பையனிடம் பொய் வேண்டாம். ஊருக்குப் போன தாத்தா திரும்பி வரவில்லை என்றால், அடுத்து நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுவான். ‘தாத்தா செத்துப்போயிட்டார். அவரோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி வர மாட்டார்’ என்று சொல்லுங்கள். தூங்குகிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்றெல்லாம் சுற்றி வளைக்காதீர்கள், ராத்திரி தூங்கவே பயப்படுவான். ஐந்து வயதில், இறந்தவர் திரும்ப வர மாட்டார் என்பது ஒரே தடவையில் மனதில் ஏறாது. நாளைக்கும் அதையே கேட்பான், அதே பதிலை அதே மாதிரி சொல்லுங்கள். நீங்கள் அழுதால் அவன் பார்ப்பதில் தப்பில்லை. எண்ணெய் போடுகிற அன்றைக்கு அவன் கையிலும் ஒரு துணியைக் கொடுங்கள். உளி வேண்டாம், கொட்டாப்புளியை, அதுதான் அந்த மரச் சுத்தியலை, துடைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தச்சுப் பட்டறைச் சுவரில் பென்சில் கணக்கு இல்லாமல் இருக்காது. நிலை நீளம், அகலம், யார் வீட்டுக்கு எத்தனை கன அடி, யார் எவ்வளவு பாக்கி, ஏதோ ஒரு மர டிப்போவின் போன் நம்பர். அத்தனையும் அவர் கையெழுத்து. பட்டறை திறந்த அன்றைக்கு, சுவரில் யாரும் சாய்ந்து நிற்பதற்கு முன்னால், போனில் மூலை விடாமல் படம் எடுத்துவிடுங்கள். யாராவது தை பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கிளம்பினால், அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.